வெசாக் ஓர்கிட்டும் அதன் காடும்
(நூற்றாண்டு விழாவில் எமது தோட்டக் குழுவினர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாகப் பாடசாலையில் எதை நடுவது என்று பேச்சு வந்தபோது ரோசா, அந்தூரியம் என்றவர்களே அதிகம். நாங்கள் வெசாக் ஓர்கிட் கேட்டோம். "அது காட்டுச் செடியல்லவா, நோட்டன் பிரிட்ஜில் பிழைக்குமா?" என்று மூத்த அக்கா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

வெசாக் வரும் மே மாதத்தையொட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் இது இல்லை. 1855இல் தாவரவியலாளர் இதற்கு டென்ட்ரோபியம் மக்கார்தியே என்று பெயர் சூட்டினர். பின்னர் 1860இல் தேசாதிபதியான சேர் சார்ள்ஸ் மக்கார்தியின் மனைவி பெயர் அது. ஊர் மக்களுக்கு என்னவோ என்றும் வெசாக் பூதான்.

இதன் வீடு நமது மலை அல்ல. சிவனொளிபாதமலைக்கு அப்பால், இரத்தினபுரிப் பக்கம் இறங்கினால் வரும் தாழ்நில மழைக்காடுகளும் சிங்கராஜாவும்தான். அங்கே மரத்தைப் பற்றிக்கொண்டு, மெல்லிய நீண்ட தண்டுகளைக் கீழே தொங்கவிட்டு வாழ்கிறது. குருவிச்சையைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இடம் மட்டுமே கேட்கிறது. வேரின் மேல் பஞ்சு போன்ற வெண்ணிறப் போர்வை உண்டு. மழை பட்டதும் அது நீரை இழுத்துக்கொள்ளும்; உடனே வேர் பச்சையாகத் தெரியும். பிறகு காற்றில் உலரும். நனைவதும் உலர்வதுமாகவே அதன் வாழ்க்கை.

இதைத் தெரிந்துகொண்டால் வளர்ப்பு முறை தானாக விளங்கும். மண் வேண்டாம். பலா மரத்திலோ மரத்துண்டிலோ கொஞ்சம் தென்னந்தும்பு வைத்து, தண்டு தொங்கும்படி கட்டினால் போதும். நீர் தெளிக்கலாம், தேங்க விடக்கூடாது. உரம் மிக மிக ஐதாக. கொழுந்துக்குப் போடும் யூரியாவை இதற்கும் ஒரு கை வீசலாமென்று யாரும் நினைக்க வேண்டாம்!

மழைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் தேயிலை மலை வேறு, காடு வேறு. நாம் ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில் இருக்கிறோம். அதன் சொந்தக் காட்டைவிடக் குளிர் கூட. நிழல் மரங்களைக் கவ்வாத்து பண்ணிய மலையில் வெயில் நேரே விழும். காற்று ஈரத்தை அடித்துக்கொண்டு போய்விடும். காட்டிலோ இலைக்கூரை அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் முற்றத்தை விட்டுவிட்டு, காற்று மறைந்த, காலை வெயில் மட்டும் படும் பின்பக்கப் பலா மரத்தைத் தெரிவு செய்தோம்.

எல்லா ஓர்கிட்டும் இப்படியல்ல. டிக்கோயாப் பக்கம் வனராஜா என்றொரு தோட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதே பெயரில் ஓர் ஓர்கிட்டும் உண்டு. அது மரமேறாது, இருண்ட காட்டுத் தரையில், உக்கிய இலைகளுக்கு நடுவே தவழும். அதற்குப் பூவைவிட இலைதான் அழகு. கரும்பட்டில் பொன்னிழை ஓடினாற்போல் நரம்புகள். அதைப் பலா மரத்தில் கட்டினால் காய்ந்துவிடும்.

இனிக் கொஞ்சம் கசப்பான விடயம். "தெரிந்தவர் மூலம் காட்டிலிருந்தே எடுத்துத் தருகிறோம், செலவும் இல்லை" என்று அன்போடு முன்வந்த சகோதரிகள் இருந்தார்கள். வேண்டாம் என்றோம். சிலருக்கு மனவருத்தம் என்று அறிவோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். ஓர்கிட் விதை தூசி போன்றது. முளைக்கத் தேவையான உணவு அதனுள் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினால்தான் முளைக்கும். ஒரு காயில் ஆயிரமாயிரம் விதை இருந்தும் மரத்தில் ஒட்டி வளர்வது அபூர்வம். அது பூக்கும் பருவம் அடையப் பல ஆண்டுகள் செல்லும். பூத்த செடியைப் பிடுங்குகிறவர் அடுத்த தலைமுறையின் விதையையும் சேர்த்தே பிடுங்குகிறார். வேர் அறுந்த அந்தச் செடி நம் வீட்டில் நிலைப்பதும் அரிது. சட்டமும் அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் பதில் இதுவே. நமது லயங்களின் பீலிக்கு வரும் தண்ணீர் மேலேயிருக்கும் காட்டுத் துண்டுகளிலிருந்து வருகிறது. அங்கிருந்து எதையும் இலவசமாக எடுக்கலாம் என்ற பழக்கம் செடியோடு நிற்காது.

ஆகவே ஆய்வுகூடத்தில் விதையிலிருந்து வளர்த்த நாற்றுகளை நாற்றுப்பண்ணையில் விலைக்கு வாங்கினோம். அங்கே பூஞ்சணத்தின் வேலையைச் சீனி கலந்த ஊட்டக் கூழ் செய்கிறது. நாற்றுகள் விரலளவுதான். வருகிற வெசாக்குக்குப் பூ எதிர்பார்க்க வேண்டாம், அதற்கடுத்ததற்கும் வேண்டாம்.

மழை ஓய்ந்த மாதங்களில் காலையில் நீர் தெளிக்க ஆள் வேண்டும். ஒவ்வொரு பிரிவு மாணவியருக்கும் ஒரு மாதம் என்று பட்டியல் போட்டு மண்டப வாசலில் ஒட்டியிருக்கிறோம். பெப்ரவரிக்கு இன்னும் யாரும் பெயர் தரவில்லை.