முக்கோணத்துக்குள் நிற்கும் கார்

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் அதன் வேகம் நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் சீராகக் குறைகிறது. எவ்வளவு தூரம் போய் நிற்கும்? பதினொன்றாம் வகுப்பு மாணவர் உடனே ஃபார்முலாவைத் தேடுவார். மூன்று இயக்கச் சமன்பாடுகளில் எது என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். முதலில் தேட வேண்டியது பென்சிலை என்பது என் கட்சி. கையில் தாள் இருந்தால் நீங்களும் வரையுங்களேன். கிடையாகக் காலம், செங்குத்தாக வேகம். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். நான்கே நொடியில் அது பூஜ்ஜியமாகிவிடும். இருபதிலிருந்து சரிந்து இறங்கும் அந்த நேர்கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணம் அடைபடுகிறது அல்லவா, அதன் பரப்புதான் தூரம். நாலு இருபது எண்பது, அதில் பாதி, 40 மீட்டர்.

இது குறுக்குவழி அல்ல, மூலவழி. வேகம் சீராகக் கூடினால், சராசரி வேகத்திலேயே போனதாக வைத்துக்கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் கண்டுவிட்டார்கள். அதே நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஒரேம் அதைப் படம் போட்டே நிறுவினார். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலும் முக்கோணம்தான். ஓய்விலிருந்து சாய்பலகையில் உருளும் குண்டு, அடுத்தடுத்த சம நேரங்களில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரம் கடக்கும். முக்கோணத்தைச் சம அகலத் துண்டுகளாக வெட்டிப் பாருங்கள், அதே ஒற்றைப்படை எண்கள் வரும்.

தேர்வில் படம் போட நேரமேது என்பார்கள். முடுக்கம் ஒன்றாகவே இருக்கும்வரை ஃபார்முலா விரைவானதுதான். ஆனால் ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி ஆகுமே! அந்த ஒரு நொடி கார் அதே வேகத்தில் போகிறது. முக்கோணத்துக்கு முன்னால் ஒரு செவ்வகம் முளைக்கிறது. 20ம் 40ம் சேர்ந்து 60 மீட்டர். எண்களை மொத்தமாக ஒரே சமன்பாட்டில் போடுபவர் சறுக்குவது இங்கேதான். வேகம் பாதியானால் 10ம் 10ம், வெறும் 20 மீட்டர். நிஜ பிரேக் இவ்வளவு சீராகப் பிடிக்காதே என்றால், கோடு வளையும், அவ்வளவுதான். பரப்பு அப்போதும் தூரமே. மூன்று சமன்பாடுகளும் அங்கே உதவாது.

முடிக்கும் முன் ஒன்று. மேலே எறிந்த பந்துக்கும் இதே கோடுதான், ஆனால் பூஜ்ஜியத்தைத் தாண்டிக் கீழேயும் இறங்கும். இன்றிரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து அதை வரைந்து பாருங்கள்.