காட்டைக் காப்பவர்களுக்கு யார் துணை?

(ஆலங்குளத்தில் நடந்த நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் சாரல் அடிக்கிற காலம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம் குடியிருப்பில் வண்டி நிறுத்துமிடம் பாதி காலியாகி விடுகிறது. ஐந்தருவிக்கோ, பழைய குற்றாலத்துக்கோ, பாபநாசம் பக்கமோ கிளம்பி விடுகிறோம். இந்த சீசனுக்கு நடுவில்தான் ஜூலை 31 வருகிறது. உலகம் முழுவதும் அது வனக்காவலர்களின் நாள். அதைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் ‘ரேஞ்சர்’ என்றால் வனச்சரக அலுவலர், ஜீப்பில் வருகிற அதிகாரி. வெளிநாடுகளில் அப்படி இல்லை. காப்புக்காட்டிலோ தேசியப் பூங்காவிலோ களத்தில் நின்று காவல் காக்கிற எவரும் ரேஞ்சர்தான். அந்தக் கணக்கில் நம் வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர் எல்லோரும் ரேஞ்சர்கள். நான் இன்று ‘வனக்காவலர்’ என்று சொல்லும்போது இவர்கள் அனைவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

நமக்கு மேற்கே இருக்கிற மலையை எடுத்துக்கொள்ளுங்கள். முண்டந்துறை சரணாலயம் 1962-இலும், களக்காடு சரணாலயம் 1976-இலும் வந்தன. இரண்டையும் இணைத்து 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் உருவானது. வடக்கே நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015-இல் அறிவிக்கப்பட்டது. தாமிரபரணி பிறப்பது அந்தப் பொதிகையில். சிற்றாறு இறங்குவது குற்றாலத்து மலையில். நம் மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களின் குடிநீரும் குளத்துப் பாசனமும் இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கின்றன.

அந்தக் காட்டுக்குள் முகாம் போட்டுத் தங்கி, நாள்தோறும் நடந்தே ரோந்து போகிறவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். கடையம், சிவசைலம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்துப் பிள்ளைகள். மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற குடியிருப்புகளின் காணிக்காரர்கள். அட்டை கடிக்கும், செல்போன் சிக்னல் கிடைக்காது, அரிசி பருப்பைச் சுமந்துகொண்டுதான் ஏற வேண்டும். 2022 நவம்பரில் கடையம் அருகே கரடி மூன்று பேரைத் தாக்கியது நினைவிருக்கும். நாமெல்லாம் வீடியோவைப் பகிர்ந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தக் கரடியைப் பிடிக்கப் போனவர்கள் இவர்கள்.

இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்களுக்கு ஆபத்து வந்தால் யார் துணை? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஓர் அமைப்பு பிறந்தது. 1992 ஜூலை 31 அன்று, இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில், இங்கிலாந்து–வேல்ஸ், ஸ்காட்லாந்து, அமெரிக்கா ஆகியவற்றின் வனக்காவலர் சங்கங்கள் மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதுதான் சர்வதேச ரேஞ்சர் கூட்டமைப்பு. ஒரு நாட்டுச் சங்கம் இன்னொரு நாட்டுச் சங்கத்துக்குக் கை கொடுக்கும் என்பதே அடிப்படை. நம் சங்கம் மாதிரிதான், அளவு மட்டும் பெரிது. 2007-இல் இருந்து அந்தக் கையெழுத்து நாளையே உலக வனக்காவலர் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

அன்றைக்கு அவர்கள் செய்கிற முதல் காரியம், கடந்த ஓராண்டில் பணியில் உயிரிழந்தவர்களின் பட்டியலை வெளியிடுவது. சிலர் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்குப் பலியானவர்கள். சிலர் யானை மிதித்து, சிலர் வெள்ளத்தில், சிலர் தீயில், சிலர் வண்டி கவிழ்ந்து இறந்தவர்கள். அந்தப் பட்டியலில் இந்தியப் பெயர்கள் நிறையவே இருக்கும்.

பெயரைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நாம் போய் நிற்கிறோம். செத்தவர் திரும்பி வரப் போவதில்லை; இருப்பவர்களுக்கு ஆள் இருக்கிறது என்று காட்டத்தான் போகிறோம். இதுவும் அப்படித்தான்.

துக்கம் விசாரிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ஆஸ்திரேலிய வனக்காவலர் ஷான் வில்மோர் என்பவர் தன் காரை விற்று, வீட்டை அடமானம் வைத்து, நாடு நாடாகப் போய் சக வனக்காவலர்களின் வாழ்க்கையைப் படம் பிடித்தார். ‘தின் கிரீன் லைன்’ என்ற அந்த ஆவணப்படம் 2007-இல் வெளிவந்தது. அதே பெயரில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். பணியில் இறந்தவர்களின் மனைவி மக்களுக்கு உதவுவதும், களத்தில் இருப்பவர்களுக்குப் பயிற்சியும் சாதனங்களும் கொடுப்பதும் அதன் வேலை.

சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உலக மாநாடும் கூடுகிறது. முதல் மாநாடு 1995-இல் போலந்தில் நடந்தது. ஆசியாவுக்கு அது முதன்முதலில் வந்தது 2019 நவம்பரில், நேபாளத்துச் சித்வன் பூங்காவுக்கு. நல்ல பூட்ஸ், முகாமில் குடிதண்ணீர், வயர்லெஸ், காப்பீடு, குடும்பத்தைப் பார்க்க விடுப்பு: எந்த நாட்டு வனக்காவலரைக் கேட்டாலும் குறை ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே நிறைவேற்றிய சித்வன் பிரகடனம் இவற்றையெல்லாம் உரிமையாகக் கேட்டது. 2021-இல் உலகளாவிய நடத்தை விதிகளையும் கூட்டமைப்பு வெளியிட்டது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது, காட்டோரத்து மக்களின் உரிமையை மதிக்க வேண்டும் என்று அதில் தங்களுக்கே வரம்பு போட்டுக்கொண்டார்கள். காவலுக்கு வந்தவர்களால் காட்டுவாசிகள் துன்பப்பட்ட கதைகள் பல நாடுகளில் உண்டு. ஆகவே இந்த விதிகள் மிகவும் அவசியம்.

இந்தியாவுக்கு வருவோம். நமக்குத் தனியாக ஒரு நாள் இருக்கிறது: செப்டம்பர் 11, தேசிய வனத் தியாகிகள் தினம். 1730-இல் அந்தத் தேதியில், ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில், அம்ருதா தேவியின் வழியில் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்ற 363 பிஷ்னோய் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வீரப்பன் தேடுதலின்போது 1991 நவம்பரில் கொல்லப்பட்ட வன அதிகாரி பி. சீனிவாஸ் போன்றவர்களையும் இந்த நாளில் நினைக்கிறோம். அவருக்கு அரசு கீர்த்தி சக்கரம் வழங்கியது.

எல்லோருக்கும் சக்கரம் கிடைப்பதில்லை. 2020 பிப்ரவரியில், நமக்கு அடுத்த கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில், காட்டுத் தீயை அணைக்கப் போன மூன்று வாட்சர்கள் அந்தத் தீயிலேயே மாண்டார்கள். 2021 நவம்பரில் மகாராஷ்டிராவின் தடோபா காப்பகத்தில், புலிக் கணக்கெடுப்புக்கு நடந்து சென்ற பெண் வனக்காவலரைப் புலி கொன்றது. இவர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. 1998-இல் தொடங்கிய இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, களப்பணியாளர்களுக்குப் பயிற்சி, சாதனம், கூடுதல் விபத்துக் காப்பீடு என்று செய்து வருகிறது. 2021-இல் சர்வதேச அளவில் வனக்காவலர் விருது தொடங்கியபோது, ஆசியாவிலிருந்து அதைப் பெற்ற ஒரே ஆள் உத்தராகண்டின் ராஜாஜி காப்பகத்து சரக அலுவலர் மகிந்தர் கிரி. ஆனாலும் கூலிக்கு வேலை பார்க்கும் தற்காலிகக் காவலருக்கு ஓய்வூதியம் கிடையாது. யானைக்கு முன்னால் நிற்கும்போது நிரந்தரம், தற்காலிகம் என்ற வித்தியாசமும் கிடையாது.

உலக அமைப்பு செய்கிறது, டெல்லி அமைப்பு செய்கிறது. பக்கத்தில் இருக்கிற நாம் என்ன செய்யலாம்? நான்கு யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, காட்டுக்குள் போகும்போது அவர்கள் சுமையைக் கூட்டாமல் இருப்போம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் குடும்பத்தோடு போகிறோம். நாம் ஊர் திரும்பிய பிறகு பிளாஸ்டிக்கைப் பொறுக்க ஆட்கள் இறங்க வேண்டியிருக்கிறது. கொண்டுபோன பையைத் திரும்பக் கொண்டு வரலாமே.

இரண்டு, அருவிக்குப் போகாதே என்று தடுத்தால் வாக்குவாதம் வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோனது. மேலே மலையில் பெய்கிற மழை கீழே குளிக்கிறவர்களுக்குத் தெரியாது. “எனக்கு அவரைத் தெரியும், இவரைத் தெரியும்” என்று தடுப்பில் நிற்கும் காவலரிடம் பேசாமல் திரும்பி வாருங்கள்.

மூன்று, கோடையில் மலையடிவாரத்தில் புகை தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். அந்தந்த வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை வாங்கி, நம் அறிவிப்புப் பலகையில் செயலாளர் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தோட்டம் வைத்திருப்பவர்கள் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதையும் நிறுத்த வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். பக்கத்துச் சரக அலுவலகத்துக்கு நம் நிர்வாகிகள் இரண்டு பேர் நேரில் போய், முகாம்களுக்கு என்ன தேவை என்று கேட்டு வரட்டும். டார்ச் லைட்டோ, மழைக்கோட்டோ, காவலர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமோ, அவர்கள் சொல்வதை வாங்கி அலுவலகம் வழியாகவே கொடுப்போம். நாமாக முடிவு செய்து போர்வையைச் சுமந்துகொண்டு போக வேண்டாம். ஆண்டுவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்க முடியும் என்றே நினைக்கிறேன். பொருளாளர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர உறுப்பினர்களின் ஆதரவைக் கேட்கிறேன்.

எங்கோ ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஒருவர், முகம் தெரியாத காவலர் குடும்பத்துக்காகத் தன் காரை விற்றிருக்கிறார். நம் குழாயில் வருகிற தண்ணீருக்குக் காவல் நிற்பவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களுக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கிக் கொடுக்க நாம் எதையும் விற்க வேண்டியதில்லை.