குரலைக் கேட்டவர் ஒருவர், அடையாளம் காட்டியவர் இன்னொருவர்

வானொலி மறையுரை – பொதுக்காலம் 2ஆம் ஞாயிறு
வாசகங்கள்: 1 சாமுவேல் 3:3-10,19, யோவான் 1:35-42



பொங்கலை ஒட்டி வரும் இந்த ஞாயிறன்று, திருஅவை அழைப்பைப் பற்றிய இரண்டு பகுதிகளை நமக்கு வாசிக்கத் தருகிறது. முதல் வாசகத்தில் சிறுவன் சாமுவேல் சீலோ ஆலயத்தில் படுத்திருக்கிறான். ஆண்டவர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவனோ குரு ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எண்ணி, மூன்று முறை அவரிடம் ஓடுகிறான். மூன்றாம் முறைதான் ஏலிக்குப் புரிகிறது. அழைப்பது ஆண்டவர் என்பதை உணர்ந்து, எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்.

கவனித்தீர்களா? குரலைக் கேட்டது சாமுவேல். அது யாருடைய குரல் என்று அடையாளம் காட்டியது ஏலி. பையனுக்குக் காது இருந்தது, அனுபவம் இல்லை. பெரியவருக்கு அனுபவம் இருந்தது, ஆனால் அன்று குரல் அவருக்கு வரவில்லை. இருவரும் சேர்ந்தபோதுதான் இறைவனின் அழைப்பு நிறைவேறியது.

நற்செய்தியிலும் இதுதான் நடக்கிறது. திருமுழுக்கு யோவான் தம் சீடர் இருவருக்கு இயேசுவைச் சுட்டிக்காட்டுகிறார். அவர்கள் இயேசுவின் பின்னே போகிறார்கள். அவர்களுள் ஒருவரான அந்திரேயா தம் சகோதரர் சீமோனைத் தேடிப்பிடித்து இயேசுவிடம் அழைத்து வருகிறார். பேதுருவின் அழைப்பே அவருடைய தம்பியோ அண்ணனோ வந்து கூப்பிட்டதில்தான் தொடங்குகிறது.

ஆகவே அன்பார்ந்தவர்களே, இறைவன் ஒருவரை அழைக்கும்போது பெரும்பாலும் இன்னொருவரின் வாய் வழியாகவே அழைக்கிறார். இதை இன்று நம் சிற்றாலயங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முக்கொம்பைச் சுற்றிக் காவிரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் இருக்கிற சிற்றூர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பங்குத்தந்தை, அவருக்குப் பல கிளைக்கிராமங்கள். சில ஊர்களில் மாதம் ஒரு முறைதான் திருப்பலி. மற்ற ஞாயிறுகளில் கோவில் திறக்கிறதா, மணி அடிக்கிறதா என்பது பெரும்பாலும் ஒரே ஒருவரைப் பொறுத்தது. அவர் வயதான உபதேசியாராக இருக்கலாம், கோவில்பிள்ளையாக இருக்கலாம். செபம் சொல்வது, பாடல் தொடங்குவது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கொடுப்பது, இறந்த வீட்டில் செபமாலை சொல்வது, சாமியாருக்குப் போன் செய்வது எல்லாம் அவர் தலையில். ஊரும் அவரைப் புகழ்கிறது. அவர் இருக்கும்வரை கவலை இல்லை என்கிறது.

முக்கொம்பு மேலணை ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டில் கட்டியது. தலைமுறை தலைமுறையாக நாம் அதன்மேல் நடந்தோம், பூங்காவில் அமர்ந்து சாப்பிட்டோம். மதகுகளைப் பற்றி யாரும் அதிகம் யோசிக்கவில்லை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு, வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது, கொள்ளிடப் பக்கத்தில் 9 மதகுகள் உடைந்து விழுந்தன. மணல் மூட்டைகளும் பாறைகளும் போட்டு அடைக்க எத்தனை பேர் இரவு பகலாகப் பாடுபட்டார்கள்! பிறகு புதிய கதவணையும் கட்டப்பட்டது. தாங்கிக்கொண்டிருப்பது தாங்கிக்கொண்டே இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். நம் உபதேசியாரைப் பற்றியும் அப்படித்தான் நம்புகிறோம். அவர் ஒருநாள் படுக்கையில் விழுந்தபின், கோவில் சாவி யாரிடம் என்று தேடுகிறோம்.

குரு இல்லாத ஊரில் விசுவாசம் பிழைக்குமா? நம் தமிழ்த் திருஅவையின் வரலாறே இதற்குப் பதில் சொல்கிறது. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டார்கள். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கே குரு இல்லை. 1687ஆம் ஆண்டு கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைத் தேடினார். சில்லாலை போன்ற ஊர்களில் விசுவாசம் அணையாமல் இருந்தது. வீட்டுக்குள் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த செபங்களே அதைக் காத்திருந்தன.

வாஸ் அடிகளார் அடுத்துச் செய்தது நமக்குப் பாடம். எல்லா ஊருக்கும் தம்மால் போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஊர்தோறும் பொறுப்பைப் பகிர்ந்தார். மூப்பர் சபையின் காரியங்களைப் பார்த்துக்கொண்டார். அண்ணாவியார் செபம் நடத்தினார், ஞானோபதேசம் கற்பித்தார். பின்னர் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் மக்கள் தாங்களே வாசிக்கும்படி தமிழில் நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் பாடி வாசிக்கும் வியாகுல பிரசங்கம் அவர் தந்ததுதான். வாஸ் அடிகளாரை 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். அதே சனவரி 14, 1752ஆம் ஆண்டில் நம் புனித தேவசகாயம் இரத்தம் சிந்திய நாள். அவரும் குரு அல்லர், ஒரு குடும்பத் தலைவர், பொதுநிலையினர்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. திருப்பலியும் ஒப்புரவும் குருவின் பணியாகவே இருக்கும். சில்லாலை மக்கள் அந்த 30 ஆண்டுகளும் ஒரு குருவுக்காக ஏங்கித்தான் இருந்தார்கள். ஆனால் ஏங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் தெளிவாகக் கற்பித்தது: பொதுநிலையினரின் பணி குரு இரவல் தருகிற உதவி வேலை கிடையாது, திருமுழுக்கிலேயே ஆண்டவர் கொடுத்தது. குரு இல்லாத ஞாயிறுகளில் இறைமக்கள் கூடி வழிபடுவதற்கு 1988ஆம் ஆண்டிலேயே திருஅவை வழிமுறை தந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டில் வாசகர் பணியும் பீடத்துணைவர் பணியும் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. அதே ஆண்டு மறைக்கல்வி ஆசிரியர் பணி ஒரு திருப்பணியாகவே நிறுவப்பட்டது.

அப்படியானால் நம் ஊரில் தடை எங்கே? மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று அறிவிப்போம். யாரும் வரமாட்டார்கள். மக்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். அந்திரேயா அறிவிப்பு கொடுக்கவில்லை, வீட்டுக்குப் போனார். அன்பியக் கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து நன்றாக வாசிக்கிற அந்த மருமகளிடம் போய், அம்மா, வரும் ஞாயிறு நீங்கள் வாசியுங்கள் என்று யாராவது சொன்னோமா?

இரண்டாவது, சிலரை மட்டுமே கூப்பிடுகிறோம். சாவடிப் பக்கத்தார், பெரிய வீட்டார், இந்தத் தெருக்காரர் என்று கணக்குப் பார்க்கிறோம். செபமாலையை முன்நின்று நடத்துவது பெண்கள், ஆனால் பொறுப்பாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. சாதி பார்த்து வாசகம் கொடுக்கிற கோவிலில் ஆண்டவரின் குரல் எப்படிக் கேட்கும்? ஆலயத்தில் படுத்திருந்த சிறுவனை ஆண்டவர் அழைத்தார், குருவின் சொந்தப் பிள்ளைகளை அவர் அழைக்கவில்லை.

மூன்றாவது, விட்டுக்கொடுக்க மனமில்லை. ஏலியைப் பாருங்கள். சாமுவேலுக்கு அன்றிரவு கிடைத்த செய்தி ஏலியின் குடும்பத்துக்கு எதிரானது. விடிந்ததும் அதை மறைக்காமல் சொல்லும்படி கேட்டு, ஏற்றுக்கொண்டார். திருமுழுக்கு யோவானும் தம் சீடர் இருவரை இழந்தார். நாமோ இருபது ஆண்டாக வைத்திருக்கும் கோவில் சாவியை, ஒலிபெருக்கியை, கணக்குப் புத்தகத்தை இன்னொருவர் தொட்டால் முகம் சுளிக்கிறோம். உழைத்தவருக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அடுத்தவரை உருவாக்குவதும் அவருடைய அழைப்பின் ஒரு பகுதியே.

காவிரிக் கரை விவசாயிகளுக்கு இது புதிதில்லை. குடிமராமத்து என்ற பழைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாய்க்காலைத் தூர்வார ஒவ்வொரு குடும்பமும் ஆள் அனுப்பும். ஒருவன் மட்டும் வெட்டினால் தண்ணீர் கடைமடைக்குப் போகாது.

எனவே, இந்த வாரம் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். உங்கள் அன்பியத்தில் அமர்ந்து, நம் கோவிலில் நடக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள்: திறப்பது, வாசிப்பது, பாடுவது, பிள்ளைகளுக்குக் கற்பிப்பது, நோயாளியைப் பார்ப்பது, துக்க வீட்டில் செபிப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர் எழுதுங்கள்: இப்போது செய்கிறவர், அவரோடு நின்று கற்றுக்கொள்கிறவர். பெயர் எழுதியவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஒருவேளை ஆண்டவர் அவரை ஏற்கெனவே மூன்று முறை அழைத்திருக்கலாம். அது யாருடைய குரல் என்று சொல்ல ஓர் ஏலிக்காக அவர் காத்திருக்கலாம்.

மன்றாடுவோம்: எங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவரே, உமது குரலைக் கேட்கும் செவியை இளையோருக்கும், அதை அடையாளம் காட்டும் பெருந்தன்மையைப் பெரியோருக்கும் தந்தருளும். எங்கள் சிற்றாலயங்களின் விளக்கு அணையாமல் காத்தருளும். ஆமென்.