முகவரி மாறினும் தொடர்பு மாறாமை



பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு முகவரி மாறுவதன் தொல்லையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் கையிலுள்ள கைப்பேசிக்கும் அத்தொல்லை உண்டு. அதனை அது வெல்லும் வகையை ஈண்டுச் சிறிது காண்போம்.

இணையத்தில் செய்திகள் சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றன. ஒவ்வொரு பொதியின்மேலும் அனுப்புவோர், பெறுவோர் இருவருடைய ஐ.பி. முகவரிகளும் பொறிக்கப்பெறும். இம்முகவரி ஆளையும் குறிக்கின்றது. அவர் இருக்கும் இடத்தையும் குறிக்கின்றது. இடரின் வேர் இதுவே. ஒரே செல்பேசி நிறுவனத்தின் கோபுரங்களுக்கிடையே நகரும்போது அந்நிறுவனத்தின் நுழைவாயிற் கணினி பெரும்பாலும் பழைய முகவரியையே காத்துத் தருகின்றது. ஆனால், வீட்டு வைஃபையை விட்டுத் தெருவில் இறங்கினால் முகவரியே மாறிவிடுகின்றது. டி.சி.பி. என்னும் பழைய முறை, முகவரியைக் கொண்டே தொடர்பை அடையாளங் காண்பதால், தொடர்பு அறுந்துபோகின்றது.

1996-இல் வெளியான 'மொபைல் ஐ.பி.' நெறி இதற்கு அஞ்சலக வழியைக் கண்டது. சொந்த வலையமைப்பில் ஒரு முகவர் இருப்பார். வெளியே சென்ற கருவி தன் 'மே/பா' முகவரியை அவரிடம் பதிவு செய்யும். அவர் வந்த பொதியை வேறோர் உறையிலிட்டு அங்கே அனுப்புவார். பிறன் பொய்ப்பதிவு செய்து பொதிகளைக் கவராதிருக்க, மறைக்குறியால் சோதித்த பின்னரே பதிவை ஏற்பார். எனினும் அண்டை வீட்டார் செய்தியும் சொந்த ஊர் சென்று சுற்றிவர நேர்ந்தது; இந்நெறி பரவலாக வேரூன்றவில்லை.

2021-இல் இணைய நெறியாக வெளியான 'குயிக்' வேறு வழி கண்டது. தொடர்புக்கென்றே தனி அடையாள எண் அளித்து, அதனை முகவரியினின்று பிரித்தது. புதிய முகவரியிலிருந்து பொதி வந்தால், மறுமுனை அங்கே ஒரு சோதனை எண்ணை அனுப்பும். அவ்வெண் திரும்பி வந்தாலன்றி அம்முகவரியை முழுதும் நம்புவதில்லை.

அன்பர்களே, இவ்வெச்சரிக்கை நமக்கும் வேண்டும். "என் எண் மாறிவிட்டது, உடனே பணம் அனுப்புக" என்று உறவினர் பெயரால் செய்தி வருங்கால், பழைய எண்ணில் அழைத்து உசாவாமல் ஒரு காசும் அனுப்பலாகாது. நாம் வீடு மாறினாலோ, எண் மாறினாலோ, ஊரிலுள்ள பெற்றோருக்கும் சங்கத்தாருக்கும் நாமே முதற்கண் அறிவித்தல் வேண்டும். பெயர்ந்தவர் சொன்னாலன்றிப் பிறர் அறியார்.