ஆல்ட்கேட் என்னும் கீழைவாசல்



லண்டன் மாநகரைச் சுற்றி ரோமானியர் எழுப்பிய மதிலிலே, கோல்செஸ்டர் செல்லும் ராஜபாட்டை நகரை விட்டு வெளியேறும் கீழ்த்திசையில், ஆல்ட்கேட் என்று வழங்கப்பெற்ற கோட்டைவாசல் ஒன்று பல நூற்றாண்டுகள் நின்று மறைந்தது. ஆங்கில மகாகவி ஜெஃப்ரி சாஸரை 12 ஆண்டுகள் தன் மேல்மாடத்தில் குடிவைத்திருந்த பாக்கியம் பெற்றது என்பதனாலேயே, மறைந்துபோன கோட்டைவாசல்கள் எல்லாவற்றிலும் இதன்மீது எனக்குத் தனி அபிமானம் உண்டு.

1374-ஆம் ஆண்டு மே மாதம் நகரத்தார் எழுதிக்கொடுத்த சாஸனத்தின்படி, வாசலுக்கு மேலிருந்த அறைகளும் தென்புறத்து நிலவறையும், சாஸரின் ஆயுள் உள்ளளவும் வாடகையின்றி அவருடைய அனுபோகத்துக்கு வந்தன. கட்டடத்தை அவரே பழுதுபார்த்துக்கொள்ள வேண்டும். பிறருக்கு வாடகைக்கு விடலாகாது. யுத்த அபாயம் நேருமாயின் நகரின் பாதுகாப்புக்காக அதிகாரிகள் அதைத் தம் வசப்படுத்திக்கொள்வார்கள். இவற்றுக்கெல்லாம் கைம்மாறாக, அவர் உயிரோடிருக்கும் வரையில் அவ்வாசலைச் சிறைக்கூடமாக்குவதில்லை என்று நகரத்தாரும் வாக்களித்தார்கள். நியூகேட் வாசல் சிறைச்சாலையாகவே இருந்த அந்நாளில், இது வெறும் உபசார வார்த்தையன்று.

அடுத்த மாதமே கம்பளிச் சுங்கத்தின் கணக்கைச் சரிபார்க்கும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. பகலெல்லாம் தேம்ஸ் துறையிலே மூட்டைகளையும் வரியையும் கணக்கிட்டுவிட்டு, வீடு திரும்பியதும் ஓய்வு கொள்ளாமல், கண்கள் மயங்கும் வரையில் புத்தகத்தின் முன்னே அமர்ந்திருந்த தம் வாழ்க்கையை, ‘புகழ் மாளிகை’ என்னும் காவியத்தில் அவரே ஒரு கழுகின் வாயிலாகப் பரிகாசம் செய்துகொள்கிறார். தானியம் ஏற்றிய வண்டிகளும் யாத்திரிகர்களும் பிச்சைக்காரர்களும் தம் காலடியில் நுழைந்து செல்லும் ஓசை கேட்டுக்கொண்டிருந்த வீடல்லவா அது! மனிதர்களின் பல தரங்களையும் அவர் அறிந்திருந்த அருமையை நினைக்கும்போதெல்லாம், அந்த வாசலையே நான் நினைக்கிறேன்.

1381 ஜூன் மாதத்திலோ, தலைவரியின் கொடுமை தாளாமல் கிளர்ந்தெழுந்த எஸ்ஸெக்ஸ் விவசாயிகள் மைல் எண்ட் வெளியிலே திரண்டு, திறந்துவிடப்பட்ட இதே வாசலின் வழியாக நகருக்குள் வெள்ளமெனப் புகுந்தார்கள். 14 வயதுப் பாலகனான இரண்டாம் ரிச்சர்டு மன்னன் அவர்களுடன் பேசுவதற்காக மைல் எண்டுக்குப் புறப்பட்டுச் சென்றான். ராஜ்யத்தையே குலுக்கிய இந்தக் கலகத்தைக் கவியோ, பிற்காலத்தில் தாம் எழுதிய கோழியும் நரியும் பற்றிய கதையிலே, நரியைத் துரத்தும் கிராமத்தாரின் கூச்சலுக்கு உவமையாக மாத்திரம் சுட்டிவிட்டு மேலே போகிறார். அரச சேவகர் ஒருவரின் மௌனம் அது. அதற்காக அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

1386-இல் சாஸர் அங்கிருந்து நீங்கினார். 1471-இல் ஃபால்கன்பெர்க் என்னும் கலகத் தலைவனின் படையினர் வாசலைத் தாக்கி உள்ளே நுழைந்தபோது, மேலிருந்து இரும்புக் கிராதிக் கதவு சடாரென்று இறக்கப்பட்டது. உள்ளே அகப்பட்டவர்கள் மாண்டார்கள். 1553-இல் மேரி அரசி இவ்வழியே நகரப் பிரவேசம் செய்தாள்.

சாஸர் வாழ்ந்த பழங்கட்டடம் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, 1609-இல் புதிய வாசல் முடிவுற்றது. அதற்கும் ஆயுள் நீடிக்கவில்லை. வண்டிப் போக்குவரத்துக்கு இடையூறு என்று, 1760-இல் அதன் கல்லும் மரமும் 177 பவுன் 10 ஷில்லிங்குக்கு ஒரு தச்சருக்கு விற்கப்பட்டன. நகரசபைக்கு வராத அக்கறை எபனேசர் மஸ்ஸெல் என்னும் பழம்பொருள் அன்பருக்கு வந்தது. அவர் அந்தக் கற்களில் சிலவற்றை வாங்கி, பெத்னல் கிரீனில் இருந்த தம் வீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அந்த வீடும் பின்னர் இடிபட்டுப் போயிற்று.