பெயர் காத்தலும் மீன் காத்தலும்

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் அன்பர்களே!

மருதத்திணை பற்றிப் பேசுமாறு வட்டத்தார் பணித்தனர். அத்திணையின் மீன்களைப் பற்றி மட்டும் பேச விழைகிறேன். வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வியே அதற்குக் காரணம்.

குறுந்தொகையின் எட்டாம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். வயலோர மாமரத்திலிருந்து உதிரும் கனியைக் குளத்து வாளை கவ்வும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். கடற்கரையூர் மாணவர் ஒருவர் எழுந்து, "வாளை கடல்மீன் ஆயிற்றே அம்மா, வயற்குளத்திற்கு எப்படி வந்தது?" என்றார். மருதப் பாடல்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற நான் விடையறியாது நின்றேன். 'ஒருவகை மீன்' என்று உரை எழுதிக் கடந்துபோவது நமக்குப் பழகிவிட்டது.

பின்னர் மீனியல் கற்ற நண்பரிடம் கேட்டுத் தெளிந்தேன். மாணவர் கூறியது வெள்ளி நாடாப் போன்ற கடல் வாளை. ஆலங்குடி வங்கனார் பாடியதோ நன்னீர் வாளை. செதிலற்ற உடல், கண்ணையும் கடந்து பிளந்த வாய், நீண்ட மீசை, ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது நீர் பரந்த தாழ்நிலங்களுக்கு ஏறிவந்து முட்டையிடும். ஆற்றுக்கும் வயலுக்கும் இடையே நீர்வழி அடைபட்டால் அதன் வழித்தோன்றலும் அடைபடும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019இல் இதனை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனம் என மதிப்பிட்டது. மீன் குறைந்தது, அதன் பெயரோ கடலுக்குப் போய்விட்டது. கெண்டைக்கும் இக்கதைதான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலாப்பியா இன்று 'ஜிலேபிக் கெண்டை' என நம் மீனின் பெயரையே சூடிக்கொண்டு குளங்களை நிறைத்திருக்கிறது.

இதற்கு மறுதலையான கதை ஒன்றும் உண்டு. காவிரியிலும் அதன் கிளையாறுகளிலுமன்றி உலகில் வேறெங்கும் இல்லாதது கூன்முதுகு மகசீர். 1946இல் கபினியில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்று 120 ராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோ இருந்தது. தூண்டிலாளர் உலகெங்கும் கொண்டாடிய இம்மீன் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது அறிவியலில் தெளிவுபடாமலே இருந்தது. இனப்பெயர் உறுதியாகாததால் அருகிவரும் உயிர்களின் செம்பட்டியலில் அதற்கு இடமில்லை. இதற்கிடையே, 1970களிலிருந்து லோனாவாலாப் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளை நன்னோக்கத்துடனேயே காவிரியில் விட்டனர். வந்தது பெருகிற்று, இருந்தது அருகிற்று. அணைகளும், மணற்கொள்ளையும், வெடிவைத்து மீன்பிடித்தலும் அழிவை விரைவுபடுத்தின. மீனியல் அறிஞர் ரெமா தேவியின் பெயரால் முன்பே விவரிக்கப்பட்டிருந்த 'டோர் ரெமாதேவி' இனமே இது என்பது மோயாற்று மீன்களின் துணையால் 2018இல் உறுதியாயிற்று. அவ்வாண்டே அது மிக அருகிய இனமாகப் பட்டியலில் ஏறியது. பெயர் உறுதியான பின்னரே காவலுக்கு வழி பிறந்தது.

அன்பர்களே! பெயரைப் பிழையாமல் அறிவதே காத்தலின் முதற்படி. அது நம் துறைக்கும் உரிய பணி. அயிரை, ஆரல், கெளிறு, வரால், உளுவை என நாம் மனப்பாடம் செய்த பெயர்களுள் எத்தனை மீன்களை நம்மால் கண்டு சொல்ல முடியும்? ஏரியிலும் ஆற்றிலும் வலைவீசும் முதியோர் அறிவர். அவர்களிடம் சென்று, ஊர்தோறும் வழங்கும் மீன்பெயர், உருவம், வாழும் நீர்நிலை, அகப்படும் பருவம் ஆகியவற்றைத் தொகுத்து, மீனியலாரிடம் காட்டி உறுதிசெய்ய வேண்டும். இரண்டாம் பத்தாண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம் இதனைத் தன் பணியாக ஏற்குமாறு வேண்டுகிறேன். கவிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் பாட்டில் மீன் துள்ளும்போது, அது எந்த மீன் என்று ஒருமுறை கேட்டு எழுதுங்கள்.

அம்மாணவருக்கு அன்று சொல்லத் தவறிய விடையின் ஒரு பகுதியை இன்று உங்கள் முன் சொல்லிவிட்டேன். எஞ்சிய பகுதியை நாம் சேர்ந்து தேடுவோம்.