நோன்பும் பட்டினியும்

(நாகர்கோவில் ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெண்கள் மீதான வன்முறையைக் கண்டித்து உண்ணாவிரதம் இருப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். நல்லது. அதற்கு முன் என்னுடைய தவறு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், புருஷனிடம் அடிபட்டு வந்த ஒரு சகோதரியைப் பந்தலின் முன்வரிசையில் உட்காரச் சொன்னேன். முந்திரி ஆலைத் தொழிலாளி அவர். என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணாச்சி, அடிச்ச அன்னைக்கெல்லாம் சோத்துப் பானையையும் ஒளிச்சு வச்சாரு. வயிறு காய்ஞ்சா அந்த அடிதான் ஞாபகம் வருது. நீங்களும் பட்டினி கிடக்கச் சொல்லுதீங்களா?"

எனக்குப் பேச நா எழவில்லை.

அப்படியானால் நோன்பே கூடாதா? இல்லை. நமது மண்ணைப் பாருங்கள். தலைவரி கட்டி, பெண்கள் மேலாடை போடவும் உரிமையின்றி மக்கள் மிதிபட்ட திருவிதாங்கூர் ஆட்சிக் காலம். அய்யா வைகுண்டர் (1809–1851) துவையல் தவசு நடத்தினார். கன்னியாகுமரி அருகே வாகைப்பதியில் 700 குடும்பங்கள் கூடின என்று அய்யாவழி மக்கள் சொல்கிறார்கள். கடலில் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், பகலில் ஒருவேளை உண்டார்கள். தீட்டென்று விரட்டப்பட்டவர்கள் தாங்களே முன்வந்து, கூடி இருந்த நோன்பு அது! யாரையும் காட்சிப் பொருளாக்கவில்லை. யாரையும் தனியே விடவுமில்லை.

மணிப்பூரில் நடந்தது வேறு. 2000 நவம்பரில் மாலோமில் அசாம் ரைபிள்ஸ் படையினர் 10 பேரைச் சுட்டுக் கொன்றனர். இரோம் சர்மிளா உண்ணாவிரதம் தொடங்கினார். அரசு அவரைக் கைது செய்து, மூக்கில் குழாய் செருகி உணவு செலுத்தியது. ஏறத்தாழ 16 ஆண்டுகள்! 2016 ஆகஸ்டில் அவர் நோன்பை முடித்தபோது, கொண்டாடியவர்களில் சிலரே முகம் சுளித்தார்கள். தங்க இடம் தரவும் மறுத்தார்கள். அவருடைய உடம்பு அவருக்குச் சொந்தம் என்பதை அரசும் மறந்தது, ஆதரவாளர்களும் மறந்தார்கள்.

ஆகவே தோழர்களே, அடிபட்டவரிடம் முதலில் கேளுங்கள். அவர் "மாட்டேன்" என்றால் காரணம் கேட்காதீர்கள். பாதியில் எழுந்தால் பழிக்காதீர்கள். நோயாளி, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் யாரும் பட்டினி கிடக்க வேண்டாம். அவர்கள் கதையை ஒலிபெருக்கியில் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். பந்தலுக்குப் பக்கத்தில் கஞ்சியும் ஒரு பாயும் இருக்கட்டும். துணைக்கு ஒரு பெண் தோழர் இருக்கட்டும்.

நோன்பு நாமாக எடுப்பது. பட்டினி பிறர் நம்மீது சுமத்துவது. இந்த வித்தியாசத்தை மறந்தால், கொடுமையை எதிர்க்கப் போட்ட பந்தலிலேயே கொடுமை செய்தவர்களாவோம்.

அந்தச் சகோதரி அன்று பந்தலில் உட்காரவில்லை. மாலையில் நோன்பை முடித்து வைக்க, எங்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றியவர் அவர்தான்!